எத்தனை எக்ஸ்? – பவளத் தொட்டியின் நீரோட்டத்தை ஒற்றை எண்ணால் அளப்பது பற்றி

“உங்க டேங்க்ல ஃப்ளோ எத்தனை எக்ஸ்?”

உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால், பெயர் கேட்பதற்கு முன்னால் இந்தக் கேள்வி வந்துவிடும். எக்ஸ் என்றால் மடங்கு. பம்ப் ஒரு மணி நேரத்தில் தள்ளும் தண்ணீரைத் தொட்டியின் கொள்ளளவால் வகுத்தால் கிடைக்கும் எண். மீன் மட்டும் என்றால் 10 எக்ஸ், மென்பவளம் என்றால் 20, கல் பவளம் என்றால் 40, ஆர்வக்கோளாறு இருந்தால் அதற்கும் மேலே. இப்படி ஒரு வாய்ப்பாடு கடைக்காரர் முதல் யூடியூப் வரை எல்லோர் வாயிலும் இருக்கிறது. நானும் இதை மூன்று வருடம் வேதவாக்காக நம்பினேன். நம்பியதற்கான விலையையும் கொடுத்தேன். இந்தக் குறிப்பு அந்த வாய்ப்பாட்டின் மேல் ஒரு விமர்சனம். கூடவே, அதை நம்பிய என் மேலும்.

முதலில் என் தொட்டியைச் சொல்லிவிடுகிறேன். முத்தியால்பேட்டையில் முதல் மாடி வீடு. தொட்டியின் நீளம் 120 செ.மீ., அகலம் 45 செ.மீ., தண்ணீரின் ஆழம் 45 செ.மீ. பெருக்கினால் 243 லிட்டர். உள்ளே இருப்பவை காளான் பவளம், சோவாந்திட், தோல் பவளம் எனப்படும் லெதர், தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த கோமாளி மீன்கள். கல் பவளம் கிடையாது. இந்தியாவில் கல் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதுதான் அதற்கும். கடலிலிருந்து எடுத்த பவளப் பாறையை “லைவ் ராக்” என்று சொல்லி விற்பவர்களிடம் நான் வாங்குவதில்லை. என் பாறைகள் சிமெண்டும் சிப்பித் தூளும் கலந்து மொட்டை மாடியில் வார்த்தவை. கோமாளி மீனை மட்டும் குற்ற உணர்ச்சி இல்லாமல் வளர்க்கலாம். இங்கிருந்து தெற்கே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அதைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யும் முறையை வளர்த்தெடுத்த இடங்களில் ஒன்று.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

நடந்தது

2021-ல் லெதர் பவளம் வாங்கிய மூன்றாவது வாரம் அது சுருங்கிப்போனது. கடைக்காரரிடம் கேட்டேன். “ஃப்ளோ பத்தலண்ணே, இன்னொரு வேவ்மேக்கர் போடுங்க” என்றார். போட்டேன். கணக்குப் பார்த்தால் 40 எக்ஸ் தாண்டியது. எனக்கு ஒரே பெருமை. அதைக் கேள்விப்பட்ட நண்பர்களும் “சூப்பர் பாஸ்” என்றார்கள்.

லெதர் அப்போதும் விரியவில்லை. பம்பைப் பார்த்த பக்கத்தில் சதை உரிந்து வெள்ளை எலும்புபோலத் தெரிந்தது. பாறைக்குப் பின்னால், கண்ணாடியோடு ஒட்டிய இடத்தில், மணலில் கறுப்பாக ஒரு திட்டு வளர்ந்துகொண்டிருந்தது. அதாவது ஒரே தொட்டியில் ஒரு பக்கம் புயல், இன்னொரு பக்கம் குட்டை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கறுப்பை எடுத்துவிடலாம் என்று பாறையை நகர்த்தினேன். அழுகிய முட்டை நாற்றம். தண்ணீர் போகாத மணலில் ஆக்சிஜன் தீர்ந்ததும் வேறு வகை பாக்டீரியாக்கள் கந்தக சேர்மங்களை வைத்துப் பிழைக்கும். அவை விடுவது ஹைட்ரஜன் சல்பைடு. மீனுக்கு அது சிறிதளவே போதும். சாயங்காலத்துக்குள் இரண்டு கோமாளி மீன்களும் செத்துவிட்டன. என் மகள் அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தாள். “பம்ப் ஓடிட்டுத்தானேப்பா இருந்துச்சு?” என்று கேட்டாள். ஓடிக்கொண்டுதான் இருந்தது. 40 எக்ஸ்.

நான் வேலை பார்ப்பது மென்பொருளில். சர்வரின் சராசரி வேகம் பிரமாதமாக இருக்கும். ஒரு ஊரில் ஒரு பயனருக்கு மட்டும் பக்கமே திறக்காது. சராசரியைக் காட்டி “சிஸ்டம் நல்லா இருக்கு” என்று சொன்னால் எங்கள் ஆபீசில் யாரும் விடமாட்டார்கள். அதே தப்பை வீட்டில் மூன்று வருடம் செய்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்த எண் எதைச் சொல்கிறது

எதையும் பெரிதாகச் சொல்லவில்லை என்பதுதான் என் வாதம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

என் தொட்டியில் 20 எக்ஸ் என்றால் மணிக்கு 4,860 லிட்டர். இந்தத் தண்ணீர் முழுவதும் தொட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே சீராக நகர்வதாக வைத்துக்கொள்வோம். தொட்டியின் குறுக்குவெட்டு 45 × 45 செ.மீ. வகுத்தால் நொடிக்கு 0.67 செ.மீ. வருகிறது. 40 எக்ஸ் என்றாலும் 1.3 செ.மீ.தான். எறும்பு இதைவிட வேகமாகப் போகும். நிஜக் கடலில் பவளத் திட்டின் அலைமுகப்பில் நொடிக்கு அரை மீட்டர் சாதாரணம். உள்ளே அமைதியான பகுதியில்கூட சில சென்டிமீட்டர் இருக்கும். அப்படியென்றால் 40 எக்ஸ் தொட்டி தேங்கிக் கிடக்க வேண்டும். ஆனால் என் லெதரின் சதையை அது உரித்தது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை என்றால், அளவுகோலில்தான் கோளாறு.

கோளாறு இரண்டு இடத்தில் இருக்கிறது.

ஒன்று, பம்பின் வாய். மணிக்கு 5,000 லிட்டர் தள்ளும் இரண்டு பம்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் வாய் 5 செ.மீ. விட்டம், இன்னொன்று 2.5 செ.மீ. வாயின் விட்டம் பாதியானால் பரப்பு கால்வாசி. ஆகவே வேகம் 4 மடங்கு, தண்ணீரைத் தள்ளும் விசையும் 4 மடங்கு, அதற்குத் தேவையான திறன் 16 மடங்கு. டப்பாவில் இரண்டுக்கும் ஒரே 5,000 என்று அச்சடித்திருப்பார்கள். ஒன்று மெதுவாகத் தள்ளும் கை, மற்றொன்று ஹோஸ் பைப். ஒரு வாட் மின்சாரத்துக்கு எவ்வளவு தள்ளுவிசை கிடைக்கிறது என்று பார்த்தால், அகன்ற வாயோடு மெதுவாகத் தள்ளுவதே லாபம். பழைய பவர்ஹெட்களின் இடத்தை விசிறிபோன்ற புரொப்பெல்லர் பம்புகள் பிடித்ததற்கு இயற்பியல் காரணம் இதுதான். நம் ஊரில் இதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. பம்ப் செலவழிக்கும் வாட் கடைசியில் சூடாகத் தண்ணீரில்தான் சேரும். மே மாதப் பாண்டிச்சேரியில் தொட்டிக்குள் தேவையில்லாமல் 40 வாட் ஹீட்டர் போடுவதற்குச் சமம்.

இரண்டு, பம்பின் வாய்க்கு வெளியே நடப்பது. தண்ணீருக்குள் பாயும் தாரை பக்கத்துத் தண்ணீரையும் இழுத்துக்கொண்டே போகும். வட்டமான தாரைக்குப் பாய்ம இயக்கவியலில் ஒரு எளிய விதி இருக்கிறது: கொஞ்ச தூரம் தாண்டிய பிறகு நகரும் தண்ணீரின் அளவு, தூரத்தை வாயின் விட்டத்தால் வகுத்து 0.32-ஆல் பெருக்கினால் வரும் மடங்கு. 5 செ.மீ. வாயிலிருந்து 60 செ.மீ. தள்ளிப் பார்த்தால் கிட்டத்தட்ட 4 மடங்கு தண்ணீர் நகர்ந்துகொண்டிருக்கும். பம்ப் தந்தது 5,000. தொட்டி பெற்றது 19,000. ஆனால் இது எதிரே தடை இல்லாதபோது. பம்புக்கு 10 செ.மீ. எதிரே பாறை இருந்தால் தாரை அங்கேயே மோதிச் சிதறும், அதன் உந்தமும் அங்கேயே தீரும். பாறையில் இருக்கும் உயிருக்கு அடி, பாறைக்குப் பின்னால் பட்டினி. என் தொட்டியில் நடந்தது அச்சு அசலாக இதுதான்.

ஆக, ஒரே பம்ப், ஒரே தொட்டி, ஒரே எக்ஸ். பாறையை எங்கே வைக்கிறோம் என்பதை மட்டும் மாற்றினால் விளைவு பல மடங்கு மாறும். அந்த எண்ணில் பாறை இல்லை, வாய் இல்லை, திசை இல்லை, நேரமும் இல்லை.

பவளத்துக்கு என்ன வேண்டும்

பவளம் நகராது. சாப்பாடும் காற்றும் அதைத் தேடி வர வேண்டும், கழிவும் தானாகப் போக வேண்டும். எந்தப் பொருளின் மேல் தண்ணீர் ஓடினாலும் அதன் தோலை ஒட்டி ஒரு மெல்லிய படலம் கிட்டத்தட்ட நகராமல் நிற்கும். எல்லைப் படலம் என்பார்கள். ஆக்சிஜன் அதைத் தாண்டுவது ஊர்ந்து ஊர்ந்துதான். நீரோட்டம் செய்யும் முக்கியமான வேலை இந்தப் படலத்தை மெல்லிசாக்குவது. ஹவாயில் அட்கின்சனும் பில்கரும் 1992-ல் வெளியிட்ட ஆய்வில், பவளத் திட்டு பாஸ்பேட்டை உறிஞ்சும் அளவு நீரின் வேகத்தின் 0.8 அடுக்கோடு கூடுவதாகக் கண்டார்கள். வேகம் இரண்டு மடங்கானால் உறிஞ்சல் சுமார் 1.7 மடங்கு. பவளமும் சும்மா இருப்பதில்லை. அதன் தோலில் இருக்கும் நுண்முடிகள் தண்ணீரைச் சின்னச் சின்னச் சுழல்களாகக் கலக்கித் தானே கொஞ்சம் காற்று வாங்கிக்கொள்கின்றன என்பதை 2014-ல் ஒரு ஆய்வுக் குழு படம்பிடித்துக் காட்டியது.

இது தொட்டி வைத்திருப்பவர்களின் சொந்தப் பிரச்சினை மட்டும் இல்லை. 1998-ல் ஒகினாவாவில் கடல் சூடாகிப் பவளங்கள் வெளிறியபோது, சில இடங்களில் மட்டும் பவளம் தப்பியது. நகமுராவும் வான் வூசிக்கும் தொட்டிகளில் வைத்துச் சோதித்தார்கள். அதே சூட்டில், வேகமான நீரோட்டத்தில் இருந்தவை தாக்குப்பிடித்தன, மந்தமான நீரோட்டத்தில் இருந்தவை வெளிறி மாண்டன. நமக்குப் பக்கத்திலேயே தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையிலான மன்னார் வளைகுடாத் தீவுகளில் 2010-லும் 2016-லும் பெரிய வெளிறல் நடந்தது. எந்தத் திட்டு பிழைக்கும் என்ற கேள்வியில் வெப்பமானிக்குப் பக்கத்தில் நீரோட்டமும் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொரு விஷயம். ஒரே திசையில் போகும் நீரைவிட, அதே வேகத்தில் முன்னும் பின்னும் ஆடும் நீர் எல்லைப் படலத்தை நன்றாகக் கிழிக்கும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் படலம் முதலிலிருந்து உருவாக வேண்டியிருக்கிறது. கிளைகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கும் இடத்துக்கும் ஒரு முறையாவது தண்ணீர் போகும். கடலில் அலைக்குக் கீழே நடப்பது இதுதான். அதனால்தான் எல்லோரும் “அலை வேணும்” என்கிறார்கள். அதிலும் ஒரு பொறி இருக்கிறது.

அழகான அலை, அசையாத மூலை

இப்போது வரும் பம்புகளில் அலை மோடு இருக்கிறது. துடிப்பின் நேரத்தைச் சரியாகத் திருகினால் தொட்டித் தண்ணீர் முழுவதும் ஊஞ்சல்போல ஆடும். பார்க்க அவ்வளவு அழகு. இது நிலை அலை. ஊஞ்சலை அதன் தாளத்தில் தள்ளினால் சின்னத் தள்ளலே போதும் என்பது போல, தொட்டிக்கும் ஒரு தாளம் இருக்கிறது.

அந்தத் தாளத்தைக் கண்டுபிடிக்கப் பலர் சொல்லும் சூத்திரம்: நீளத்தின் இரு மடங்கை, ஈர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கியதன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். என் தொட்டிக்கு 1.14 நொடி வருகிறது. வைத்துப் பார்த்தேன், தொட்டி ஆடவே இல்லை. காரணம், அந்தச் சூத்திரம் ஏரி மாதிரி நீளத்தைவிட ஆழம் மிகக் குறைந்த நீர்நிலைக்கு. நம் தொட்டி அப்படி இல்லை. ஆழத்துக்கான திருத்தத்தைச் சேர்த்தால் 1.36 நொடி. அதில் வைத்ததும் ஊஞ்சல் ஆடத் தொடங்கியது. இந்தத் திருத்தத்தைச் சொல்லாமல் சூத்திரத்தை மட்டும் பகிர்பவர்களுக்கு ஒரு சின்னக் குட்டு.

இனி முக்கியமான விஷயம். நீர்மட்டம் முனைகளில் 1 செ.மீ. மேலும் 1 செ.மீ. கீழுமாக ஆடுகிறது என்று வைத்துக்கொண்டால், தொட்டியின் நடுவே தரையில் தண்ணீர் பக்கவாட்டில் நகர்வது இரு பக்கமும் 0.7 செ.மீ. மட்டும். அதிகபட்ச வேகம் நொடிக்கு 3 செ.மீ. போகிற தண்ணீர் அதே இடத்துக்குத் திரும்பி வந்துவிடும். புதுத் தண்ணீர் எதுவும் வருவதில்லை. முனைகளில் பக்கவாட்டு ஆட்டம் பூஜ்யம். தரையில் மேல்கீழ் ஆட்டம் பூஜ்யம். அப்படியென்றால் தரையும் முனையும் சேரும் கீழ் மூலைகளில் இரண்டுமே பூஜ்யம். குப்பை போய்ச் சேர்வதும் அங்கேதான். மேலே ஊஞ்சல், கீழே குட்டை. போதாததற்கு, அந்த ஆட்டத்தின் சுமையை நாள் முழுக்கத் தாங்குவது கண்ணாடியை ஒட்டிய சிலிக்கான்.

நிஜ அலைக்கு மிக அருகில் வருவது பழைய தொழில்நுட்பம்தான். ஹொனலுலுவின் வைகிகி அக்வேரியத்தில் புரூஸ் கார்ல்சன் பிரபலமாக்கிய முறை: மேலே ஒரு தொட்டி மெதுவாக நிரம்பும், ஒரு மட்டம் வந்ததும் சைஃபன் பிடித்துக்கொண்டு மொத்தத் தண்ணீரும் சில நொடிகளில் கீழே பாயும். அதற்கும் முன்பே ஸ்மித்சோனியனில் வால்டர் ஏடி, நிரம்பியதும் கவிழும் வாளிகளை வைத்துப் பவளத் திட்டின் சிறு மாதிரியை ஓட்டினார். நானும் 20 லிட்டர் கேனில் செய்து பார்த்தேன். பவளங்களுக்குக் கொண்டாட்டம். வீட்டில் இருப்பவர்களுக்கு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை யாரோ ஃபிளஷ் இழுப்பது போன்ற சத்தம், சுவரெல்லாம் உப்புத் துளி. நான்காவது நாள் என் மனைவி கேனைக் கழற்றி மாடியில் வைத்துவிட்டார். அந்தத் தீர்ப்பை நான் எதிர்க்கவில்லை.

பத்து நிமிட நடையில் இருந்த விடை

புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்த விஷயம் எங்கள் கடற்கரையில் கண்ணெதிரே கிடந்தது. கொஞ்சம் ஊர்க்கதை சொல்ல வேண்டும்.

எங்கள் கரையில் மணல் நின்ற இடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் அதை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவமழையில் தெற்கே. வடக்கே போவது அதிகம். நகரத்துக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில், 1980-களின் இறுதியில் துறைமுகத்துக்காக இரண்டு கல் தடுப்புகளைக் கடலுக்குள் நீட்டினார்கள். மணல் தெற்குப் பக்கம் மாட்டிக்கொண்டது. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. சிக்கிய மணலை எடுத்து மறுபக்கம் சேர்க்கும் ஏற்பாடு திட்டத்தில் இருந்தது, தொடர்ந்து நடக்கவில்லை. கடற்கரைச் சாலைக்கு முன்னால் இருந்த மணல் போய்க் கருங்கல் குவியல் வந்தது. பாறைக் கடற்கரை என்று சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்துக்கொள்வது அந்தக் காயத்தின் மேல் போட்ட கட்டு. கல் போட்ட இடத்தில் கரை நின்றது, அரிப்பு அடுத்த ஊருக்கு நகர்ந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர், பிறகு தமிழ்நாட்டு எல்லையில் சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம். வைத்திக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மீனவ அண்ணன், கட்டுமரம் இழுத்துப் போட்ட மணலை இப்போது கடலுக்குள் கை நீட்டிக் காட்டுவார்.

இதே கரையில் இன்னொரு கட்டுமானமும் இருந்தது. கப்பல் சரக்கு இறக்கக் கடலுக்குள் நீண்டு போன பழைய துறைமுகப் பாலம். 2022 மார்ச்சில் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அந்தப் பாலம் நின்ற காலத்தில் கரையை யாரும் இழக்கவில்லை. அது தூண்கள் மேல் நின்றது. தண்ணீரும் மணலும் கால்களுக்கு நடுவே போய்வந்தன.

பிறகு 2018-ல், சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில், தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவத்தில் ஒரு செயற்கைத் திட்டை இறக்கினார்கள். எஃகுக் கூடு, உள்ளே கல், தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கிறது. அலை அதன் சரிவில் ஏறி உடைந்து வலுவிழக்கிறது. அதன் நிழலில் மணல் படிகிறது. துறைமுக வாயில் தூர்வாரிய மணலையும் கொண்டுவந்து போட்டார்கள். இரண்டொரு வருடத்தில் காந்தி சிலைப் பக்கம் மணல் திரும்பி வந்தது. என் மகள் முதல் முறையாக அங்கே கால் நனைத்தது அப்போதுதான். வடக்கே குருசுக்குப்பத்துக்கு நடந்து போனால் இன்றும் கல் சுவர்தான். ஆகவே இதை வெற்றிக் கதை என்று முடித்துவிட மாட்டேன். ஒரு இடத்துக்குத் தீர்வு என்பது முழுக் கரைக்கும் தீர்வு ஆகாது.

ஒரு நாள் விடியற்காலை அந்தக் கல் குவியலில் உட்கார்ந்திருந்தபோது என் தொட்டி ஞாபகம் வந்தது. கண்ணாடியோடு ஒட்டி நான் அடுக்கியிருந்த பாறைச் சுவர், அந்தத் துறைமுகத் தடுப்பேதான். ஒரு பக்கம் குவியல், மறு பக்கம் அரிப்பு. அதற்கு நான் கண்ட பரிகாரம் இன்னொரு பம்ப். கடலில் அலைக்குப் பஞ்சமா? அலையைக் கூட்டிக் கரையை மீட்க முடியாது. இருக்கிற அலை எங்கே மோதுகிறது, எங்கே கடக்கிறது, எங்கே திரும்புகிறது என்பதை மாற்றித்தான் மீட்க வேண்டியிருந்தது.

நான் மாற்றியவை

பாறைகளை எடுத்து, பழைய பாலம்போலக் கால் வைத்தேன். ஒவ்வொரு பாறையும் பி.வி.சி. குழாய்த் துண்டுகளின் மேல் மணலிலிருந்து மூன்று விரல் உயரத்தில் நிற்கிறது. நான்கு கண்ணாடியிலிருந்தும் தள்ளித் தொட்டியின் நடுவில் தீவுபோல இருக்கிறது. சுற்றிலும் தடையில்லாத ஓட்டப் பாதை.

இரண்டு வேவ்மேக்கர்களில் ஒன்றை நிறுத்திவிட்டு, அகன்ற வாய் உள்ள ஒன்றை நீளக் கண்ணாடி ஓரமாகத் தள்ளும்படி வைத்தேன். தண்ணீர் தீவைச் சுற்றி ஓட ஆரம்பித்தது. ஓடும் தண்ணீருக்கு உந்தம் சேர நேரம் வேண்டும். ஐந்து நொடிக்கு ஒரு முறை திசை மாற்றினால் அது சேருவதற்குள் அழித்துவிடுகிறோம். எதிர் முனையில் இன்னொரு சின்ன பம்பை வைத்து, சில நிமிடங்களுக்கு ஒரு முறை மாறி மாறி ஓடவிட்டேன். திரும்பும் தருணத்தில் இரண்டு ஓட்டமும் மோதி எல்லாப் பக்கமும் குழம்புகிறது. அந்தக் குழப்பம்தான் இடுக்குகளைக் கழுவுகிறது. கணக்குப்படி இப்போது என் தொட்டி 20 எக்ஸ்கூட இல்லை.

நன்றாயிருக்கிறது என்று கண் சொன்னால் போதாது. எனவே அளந்தேன். மேக்ஸ்வெல் டோட்டி என்ற பாசி ஆய்வாளர் 1971-ல் எழுதிய முறை இது: பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கட்டிகளை எடை பார்த்துத் தண்ணீரில் பல இடங்களில் வைத்து, ஒரு நாள் கழித்து மறுபடி காயவைத்து எடை பார்ப்பது. எங்கே அதிகம் கரைந்ததோ அங்கே நீர் அதிகம் நகர்ந்திருக்கிறது. நான் ஐஸ் ட்ரேயில் வார்த்து, நகை எடைபார்க்கும் சின்னத் தராசில் நிறுத்தேன். பழைய அடுக்கில், பாறைக்குப் பின்னால் வைத்த கட்டி முன்னால் வைத்ததில் பாதிகூடக் கரையவில்லை. புது அடுக்கில் ஆறு இடங்களுக்கும் வித்தியாசம் சொற்பம்.

இங்கே என்னையும் ஒரு குட்டு குட்டிக்கொள்கிறேன். ஜிப்சம் கரைவதும் ஒற்றை எண்தான். 2000-ல் போர்ட்டரும் சகாக்களும், ஒரே சீரான ஓட்டத்தையும் ஆடும் ஓட்டத்தையும் ஜிப்சம் ஒரே மாதிரி அளக்காது, வெவ்வேறு வகை நீரோட்டங்களை அதை வைத்து ஒப்பிடக் கூடாது என்று காட்டினார்கள். ஆகவே என் கட்டிகள் ஒரே தொட்டியில் இடத்துக்கு இடம் ஒப்பிட மட்டும். அடுத்த வீட்டுத் தொட்டியோடு போட்டி போட அதை எடுத்துக்கொண்டு வந்தால் நானும் எக்ஸ்காரன் ஆகிவிடுவேன்.

பெஞ்சல் இரவு

2024 நவம்பர் 30. பெஞ்சல் புயல் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கரையேறி, நகராமல் நின்றது. ஒரே நாளில் 46 செ.மீ. மழை. மின்சாரம் போனது. இன்வெர்ட்டர் நள்ளிரவுக்குள் தீர்ந்துவிட்டது.

27 டிகிரி கடல்நீர் லிட்டருக்கு 6.5 மி.கி. ஆக்சிஜன்தான் வைத்திருக்கும். நல்ல தண்ணீரைவிடக் குறைவு. மேற்பரப்பு அசையாவிட்டால் மீனும் பாக்டீரியாவும் சேர்ந்து அதைச் சில மணி நேரங்களில் தீர்த்துவிடும். பெரிய பம்புகளைப் பற்றி யோசித்துப் பயனில்லை. ஒரு பழைய பைக் பேட்டரியில் 12 வோல்ட் சின்ன பம்பை மாட்டி, நீர்மட்டத்துக்கு ஒரு விரல் கீழே, கண்ணாடி ஓரமாகச் சாய்த்து வைத்தேன். மின்சாரம் வரும்வரை ஓடியது அது மட்டும்தான். எக்ஸ் கணக்கில் சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் பாதை திறந்திருந்ததால் மெதுவாகவேனும் தண்ணீர் தீவைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. கீழே இருந்த தண்ணீர் மேலே வந்து காற்றைத் தொட்டுவிட்டுப் போனது. மகள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். புது ஜோடிக் கோமாளிகள் மேல்மட்டத்துக்கு வந்து வாய் திறக்கவில்லை. விடிந்தபோது எல்லாம் உயிரோடு இருந்தன. பழைய அடுக்காக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

எக்ஸ் என்ற எண்ணை அடியோடு தூக்கிப் போடச் சொல்லவில்லை. பம்ப் வாங்கும்போது அளவைத் தேர்வு செய்ய அது ஒரு தொடக்கம், அவ்வளவுதான். அது முடிவாக மாறும்போது, சுருங்கிய பவளத்துக்கு எப்போதும் ஒரே மருந்துதான் கிடைக்கும்: இன்னொரு பம்ப். விற்பவருக்கு அது வசதி. வாங்குகிற நமக்கும் வசதிதான். பாறையைக் கலைத்து அடுக்குவதைவிடக் காசு கொடுப்பது சுலபம்.

அடுத்த முறை யாராவது எத்தனை எக்ஸ் என்று கேட்டால், ஒரு சிட்டிகை மீன் தீவனத்தைத் தண்ணீரில் தூவி, அது எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, திரும்பி வருகிறதா என்று ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அது நின்றுபோகும் இடம் தெரிந்தால், அடுத்து எதை நகர்த்த வேண்டும் என்பது தெரிந்துவிடும். என் வீட்டில் இப்போது அந்த வேலையை மகள் பார்த்துக்கொள்கிறாள்.